அஞ்சலியோடு தீராத கடன்

அமைதிப் பணிக்காக வேற்று நாட்டுக்குப் போனவர் அங்கேயே உயிரிழந்தால், உடன் பணிபுரிந்தவர்கள் படத்துக்கு மாலை சூட்டுகிறார்கள், எழுந்து நின்று மௌனம் காக்கிறார்கள், தியாகி என்கிறார்கள். இவை எல்லாம் வேண்டியவைதாம். 1948 முதல் ஐ.நா. அமைதி காக்கும் பணிகளில் மட்டும் 4,000-க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். அவர்களை ஆண்டுக்கொரு முறையாவது நினைக்காத நிறுவனம் நன்றி கெட்டது. ஆனால் அஞ்சலி செலுத்தும் நிறுவனமே அவர்களை அந்த இடத்துக்கு அனுப்பிய நிறுவனமாகவும் இருக்கிறது. அங்கேதான் அறத்தின் சிக்கல் தொடங்குகிறது.

2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாத்தின் கனால் ஓட்டலில் இயங்கிவந்த ஐ.நா. அலுவலகத்தின் அருகே வெடிகுண்டு லாரி வெடித்தது. ஐ.நா. பொதுச்செயலாளரின் சிறப்புத் தூதர் செர்ஜியோ வியேரா டி மெல்லோ உட்பட 22 பேர் மாண்டார்கள். பின்னர் ஐ.நா. பொதுச்சபை அந்த நாளையே உலக மனிதநேய நாளாக அறிவித்தது. அதற்கெல்லாம் முன்பு, தாக்குதல் நடந்த ஆண்டின் அக்டோபரிலேயே, பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அக்திசாரி தலைமையிலான குழு விசாரணை அறிக்கை தந்தது. ஐ.நா.வின் பாதுகாப்பு ஏற்பாடு செயலற்றுக் கிடந்தது என்று அது சொன்னது. உடையும் கண்ணாடி சிதறாமல் தடுக்க சன்னல்களில் ஒட்ட வேண்டிய படலம்கூட ஒட்டப்படாமல் இருந்தது. பறந்த கண்ணாடிச் சில்லுகளால் காயப்பட்டவர்கள் பலர்.

துக்க வீட்டில் இதையெல்லாம் கிளறலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போனவர்கள் ஆபத்தை அறிந்தே போனார்கள், அவர்களுடைய துணிவைப் பேசுவோம், குறைகளைப் பேசினால் அந்தத் துணிவு சிறுத்துப்போகும் என்பது அவர்கள் வாதம். இதில் நேர்மையான உணர்ச்சி இருக்கிறது. ஆனால் ஆபத்துக்கு ஒப்புக்கொள்வது வேறு, பிறருடைய அலட்சியத்துக்கு ஒப்புக்கொள்வது வேறு. டி மெல்லோவின் குழு ஈராக்கியர் எளிதில் வந்துபோகும் அலுவலகமாக இருக்க விரும்பியது. ஆக்கிரமிப்புப் படையின் நிழலில் நின்றால் மக்கள் நம்ப மாட்டார்கள் என்று கருதியது. கதவைத் திறந்து வைப்பதில் உள்ள ஆபத்து அந்தப் பணியோடு பிறந்தது. ஒட்டாமல் விட்ட கண்ணாடிப் படலம் பணியோடு பிறந்ததல்ல. இரண்டையும் ‘தியாகம்’ என்ற ஒரே போர்வையால் மூடுவது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

பாக்தாத்துக்குப் பிறகு, ஆபத்தான நாடுகளில் ஐ.நா. அலுவலகங்கள் உயர்ந்த மதில்களுக்குள்ளும் கவச வண்டிகளுக்குள்ளும் ஒடுங்கின. உயிர் காக்கும் கடமை அதில் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் மக்களிடமிருந்து விலகிப்போகும் அளவுக்கு மதில் உயர்ந்தால், எதற்காக அவர்கள் அங்கே போனார்களோ அதுவே கைவிடப்படுகிறது. எந்த ஆபத்து தேவையானது, எது தவிர்த்திருக்கக்கூடியது என்று பிரித்தறிய விசாரணை வேண்டும். அதைச் செய்யாதவர்கள் ஒன்று அடுத்தவரையும் அதே சன்னலருகே உட்காரவைப்பார்கள், அல்லது எல்லாக் கதவுகளையும் அடைத்துவிடுவார்கள்.

செனகல் நாட்டுக் கேப்டன் ம்பாயே தியாங் இந்தச் சிக்கலின் கூர்முனை. 1994-இல் ருவாண்டா இனப்படுகொலையின்போது ஆயுதமில்லாத ஐ.நா. பார்வையாளராக இருந்தவர் அவர். தலையிடக் கூடாது என்ற கட்டளையை மீறி, சோதனைச் சாவடிகளைத் தாண்டி, தம் வண்டியில் ஒரு சிலராக ஏற்றிச் சென்று நூற்றுக்கணக்கானோரைக் காப்பாற்றினார். மே 31 அன்று கிகாலியில் ஒரு சாவடியருகே குண்டு விழுந்து இறந்தார். இருபது ஆண்டுகள் கழித்து, அசாதாரணத் துணிவுக்கான பதக்கத்துக்கு ஐ.நா. அவர் பெயரைச் சூட்டியது. எந்தக் கட்டளையை மீறியதால் அவர் பெருமை பெற்றாரோ, அந்தக் கட்டளையைத் தந்ததும் அதே அமைப்புதான். ருவாண்டாவில் ஐ.நா. தவறியது என்று 1999-இல் சுதந்திர விசாரணைக் குழு ஒன்று வெளிப்படையாகச் சொல்லியிராவிட்டால், அந்தப் பதக்கம் வெறும் உலோகமாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்தவர் இறந்தால் உலகம் அறிகிறது. அவருக்கு மொழிபெயர்த்தவர், வண்டி ஓட்டியவர், காவல் நின்றவர் இறந்தால் அவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையோடு முடிந்துபோகிறார்கள். பாக்தாத்தில் ஈராக்கிய ஊழியர்களும் மாண்டார்கள். வெளிநாட்டு ஊழியர்களைத் திருப்பி அழைத்த பிறகும் அங்கே பணியில் நீடித்தவர்கள் உள்ளூர்க்காரர்களே. விமானம் ஏறித் தப்பிக்க வழியில்லாதவருக்குக் குறைந்த அஞ்சலி போதும் என்பதை எந்த அறமும் ஏற்காது.

நமக்கு அருகிலேயே, இலங்கையில் நடந்தது மூதூர்ப் படுகொலை. 2006 ஆகஸ்டில், பிரான்சின் ‘பட்டினிக்கு எதிரான நடவடிக்கை’ நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவரைத் தவிர அனைவரும் தமிழர்கள். அந்த ஒருவர் முஸ்லிம். ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவி செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். அந்த நிறுவனம் நினைவு கூர்ந்ததோடு நிற்கவில்லை. நீதி கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடியது. உள்நாட்டில் வழியில்லை என்றானதும், 2013-இல் பாதுகாப்புப் படையினரே கொன்றனர் என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டி அறிக்கை வெளியிட்டது. இறந்த சக ஊழியருக்கு ஒரு நிறுவனம் செய்யக்கூடிய உண்மையான மரியாதை இதுதான். மூதூர்ப் படுகொலைக்காக இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.