எழுதியவரும் எழுதவிட்டவரும்

எருசலேமில் உள்ள யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வஷெம் 2019 ஏப்ரலில் ஒரு முடிவை அறிவித்தது. இரண்டாம் உலகப் போரில் யூதர்களுக்குப் போலி பாஸ்போர்ட் எழுதிக்கொடுத்த போலந்து கான்சல் கான்ஸ்டன்ட்டி ரொகிட்ஸ்கிக்கு, யூதரைக் காத்த பிற சமயத்தாருக்கு அது தரும் உயரிய பட்டம் கிடைத்தது. அவருடைய மேலதிகாரி அலெக்சாண்டர் வாதோஷுக்குக் கிடைத்தது பாராட்டுக் கடிதம் மட்டும். உயிர் தப்பியவர்களில் சிலர் அதைக் கண்டித்து எழுதினார்கள். பாஸ்போர்ட்டில் பேனா பிடித்தவருக்கு ஒரு தட்டும், பிடிக்கவிட்டவருக்கு வேறொரு தட்டும் வைப்பது நியாயமா?

வாதோஷ் 1891இல் லுவூவ் நகரில் பிறந்தவர். பியாஸ்ட் என்ற விவசாயிகள் கட்சிக்காரர். 1920களில் லாட்வியாவில் தூதர், பிறகு மியூனிக்கில் கான்சல் ஜெனரல். போலந்தை அப்போது ஆண்ட பில்சூட்ஸ்கியின் ஆட்சிக்கு ஒத்துவராததால் வெளியுறவுத் துறையிலிருந்து ஓரங்கட்டப்பட்டு, பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1939இல் போலந்து வீழ்ந்ததும் சிகோர்ஸ்கி தலைமையில் வெளிநாட்டில் அமைந்த போலந்து அரசில் கொஞ்ச காலம் இலாகா இல்லாத அமைச்சர். 1940இல் சுவிட்சர்லாந்தின் பெர்னில் இருந்த போலந்து தூதரகத்துக்குத் தலைவராகப் போனார்.

அங்கே நடந்த வேலை இதுதான். பெர்னில் நோட்டரியாக இருந்த ருடால்ஃப் ஹூக்லி என்பவர் பராகுவே நாட்டின் கௌரவ கான்சலும்கூட. நிரப்பப்படாத பராகுவே பாஸ்போர்ட்டுகளை அவர் காசுக்கு விற்றார். யூதர்கள் அடைத்து வைக்கப்பட்ட கெட்டோக்களிலிருந்து ரகசியமாக வந்த பெயர்களையும் பிறந்த தேதிகளையும் ரொகிட்ஸ்கி தம் கையாலேயே அவற்றில் எழுதினார். ஹூக்லி கையெழுத்திட்டு முத்திரை வைத்தார். பணமும் பெயர்ப் பட்டியலும் ஆபிரகாம் ஜில்பர்ஷைன், ஹைம் ஐஸ் ஆகிய யூதத் தலைவர்கள் வழியே வந்தன. தூதரகத்தில் வேலை பார்த்த யூலியுஷ் கூல் இடையே அலைந்தார். லத்தீன் அமெரிக்க நாடுகளில் பிடிபட்டிருந்த ஜெர்மானியர்களுக்கு ஈடாகக் கைமாற்ற ஆள் வேண்டும் என்பதால், இந்தத் தாள் வைத்திருந்தவர்களைக் கொலை முகாமுக்கு அனுப்பாமல் பிரான்சின் விட்டெல் போன்ற இடங்களில் ஜெர்மனி தனியே அடைத்து வைத்தது. இந்தத் தாள் பெற்றவர்களைக் கொண்டு பிற்பாடு தொகுக்கப்பட்ட வாதோஷ் பட்டியலில் 3,200க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அத்தனை பேரும் பிழைக்கவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது சாதாரண வாதமல்ல. பாஸ்போர்ட் என்பது ஓர் அரசு இன்னோர் அரசுக்குக் கொடுக்கும் வாக்கு. போலி பெருகினால் அசலையும் யாரும் நம்பமாட்டார்கள். விட்டெலில் அதுதான் நடந்தது. தாள்களின் மேல் சந்தேகம் எழுந்து, வழங்கியதாகச் சொல்லப்பட்ட நாடுகளும் உறுதியாக நிற்காதபோது, 1944இல் அங்கிருந்த பலர் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆனால் தாளே இல்லாதவர்கள் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும். கொலைகாரன் கேட்கும் கேள்விக்கு உண்மை சொல்லும் கடமை யாருக்கும் கிடையாது.

தூதரகம் ஏமாற்றியது ஜெர்மனியை மட்டுமல்ல, இடம் கொடுத்த சுவிட்சர்லாந்தையும்தான். வாதோஷ் மேல் வைக்கத்தக்க நிஜமான குற்றச்சாட்டு இது. அவருடைய தரம் தெரிவதும் இங்கேதான். 1943இல் சுவிஸ் காவல்துறை மோப்பம் பிடித்து விசாரணை தொடங்கியது. எந்த அலுவலகத்திலும் மேலதிகாரி சொல்லும் வழக்கமான பதில் ஒன்று உண்டு: எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது, சம்பந்தப்பட்டவர் மேல் நடவடிக்கை எடுக்கிறேன். வாதோஷ் அதைச் சொல்லியிருந்தால் ரொகிட்ஸ்கியும் கூலும் பலியாகியிருப்பார்கள். அவர் பதவி பத்திரமாக இருந்திருக்கும். அவரோ அக்டோபரில் சுவிஸ் வெளியுறவு அமைச்சர் பிலே-கொலாஸை நேரில் சந்தித்து, இதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று கேட்டார். கீழிருப்பவர் செய்வதைக் கண்டும் காணாமல் இருப்பது ஒன்று, தெரிந்தே செய்யவிட்டு விசாரணை வரும்போது முன்னால் போய் நிற்பது வேறு. முதலாவதில் நன்மை நடந்தாலும் அது தற்செயல். இரண்டாவதுதான் அறம்.

அவருக்குத் தூதர் பாதுகாப்பு இருந்ததே, பெரிய ஆபத்து என்ன என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், அவரைச் சிறையில் தள்ளியிருக்க முடியாது. சுவிஸ் குடியிருப்பாளரான ஹைம் ஐஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்த வகையில் ஐஸின் துணிச்சல் ஒருபடி மேல். ஆனால் தனக்கு மட்டும் கிடைத்த பாதுகாப்பை மடியில் முடிந்து வைத்துக்கொள்ளாமல் மற்றவர்களுக்கும் நீட்டியவரை, ஆபத்து குறைவு என்று சொல்லி ஒதுக்குவது விசித்திரமான கணக்கு. தூதரகத் தலைவரின் மறைப்பு இல்லாவிட்டால் ரொகிட்ஸ்கியின் பேனா ஒரு மாதம்கூட ஓடியிருக்காது.

ரொகிட்ஸ்கி 1958இல் லூசெர்ன் நகரில் வறுமையில் இறந்தார். வாதோஷ் 1960இல் போலந்து திரும்பி, 1963 டிசம்பரில் வார்சாவில் காலமானார். ஒரே செயலை இரண்டாக வெட்டி, ஒரு பாதிக்குப் பட்டமும் மறுபாதிக்குக் கடிதமும் கொடுத்த முடிவை யாத் வஷெம் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.