நீக்கம் வேறு, பழி வேறு

2017 பிப்ரவரி 23 அன்று லெஸ்டர் சிட்டி கால்பந்து கிளப் தன் பயிற்சியாளர் கிளாடியோ ரனியெரியைப் பதவியிலிருந்து நீக்கியது. ஒன்பது மாதங்களுக்கு முன்புதான் அவர் அந்த அணியை இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் சாம்பியனாக்கியிருந்தார். பருவம் தொடங்கும்போது பந்தயம் கட்டுவோர் 5,000-க்கு ஒன்று என்று ஒதுக்கிவைத்த அணி அது. 81 புள்ளிகள் எடுத்து, இரண்டாம் இடத்தைவிட 10 புள்ளி முன்னே நின்று கோப்பையைத் தூக்கியது. மறு பருவத்தில் எல்லாம் தலைகீழ். 25 ஆட்டங்களில் 21 புள்ளிகள்தான். கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும் எல்லைக்கு ஒரே ஒரு புள்ளி மேலே அணி தொங்கிக்கொண்டிருந்தது. 2017 பிறந்த பிறகு லீக்கில் அது ஒரு கோல்கூடப் போட்டிருக்கவில்லை.

நீக்கம் நடந்த நான்காம் நாள், துணைப் பயிற்சியாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியரின் பொறுப்பில், அதே ஆட்டக்காரர்கள் லிவர்பூலை 3-1 என்று வென்றார்கள். ஜேமி வார்டி இரண்டு கோல் போட்டார். தொடர்ந்து லீக்கில் மேலும் நான்கு வெற்றிகள். பார்த்தவர்கள் மனத்தில் ஒரே கேள்விதான் எழுந்தது: இத்தனை நாளும் இந்த ஓட்டம் எங்கே போயிருந்தது?

கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அது தீர்ப்பாக மாற அதிக நேரம் பிடிக்கவில்லை. வீரர்கள் சேர்ந்து பயிற்சியாளரைக் கவிழ்த்துவிட்டார்கள் என்ற பேச்சு பரவியது. அதில் தனக்குப் பங்கில்லை என்று வார்டி மறுத்தார். தனக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததையும், பிள்ளைகளோடு காரில் போன மனைவிக்குக் குறுக்கே சிலர் வண்டியை விட்டதையும் அவரே வெளியில் சொன்னார். நிரூபிக்கப்படாத ஒரு பழி, விளையாட்டோடு சம்பந்தமில்லாத குழந்தைகள்வரை போய்ச் சேர்ந்தது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் நடந்ததா என்பதே தெரியவில்லை.

அந்த ஐந்து வெற்றிகளும் சதிக்குச் சாட்சி ஆகா. ஓர் அணி ஆகக் கீழே கிடக்கும் வேளையில்தான் பயிற்சியாளரை மாற்றுகிறார்கள். அங்கிருந்து கொஞ்சம் ஏறுவது இயல்பு. அந்த ஏற்றம் முழுவதையும் மாற்றத்தின் கணக்கில் எழுதினால் தப்பாகிவிடும். சரிவுக்கும் காரணங்கள் பல இருந்தன. நடுக்களத்தைத் தனியொருவராகத் துடைத்துக்கொண்டிருந்த இங்கோலோ கான்டேயைச் செல்சி வாங்கிப்போனது. அந்த ஆண்டு கோப்பை செல்சிக்குப் போனது. முதல் பருவத்தில் முன்னேறி வந்து முதுகுப்புறம் இடம் விட்ட எதிரணிகள், மறு பருவத்தில் பின்னாலேயே நின்று வார்டி ஓடுவதற்கான வெளியை அடைத்தன. சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் வார நடுவில் வந்து கால்களின் பலத்தை உறிஞ்சின. ரனியெரியும் அணியின் அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்துத் தவறினார். இத்தனையும் கலந்த ஒரு முடிவைப் பிரித்து, இவ்வளவு இவருடையது, அவ்வளவு அவருடையது என்று பங்கு போட எந்தத் தராசும் இல்லை.

பழி சொல்ல வேண்டுமானால், வேறுவிதமாகச் செய்ய முடிந்தும் தெரிந்தே செய்யாமல் விட்ட ஒன்று இருக்க வேண்டும். திறமை போதாதது குற்றமன்று. முயன்று தவறியதும் குற்றமன்று. 2021 ஜூலை 11 அன்று வெம்பிளியில் இத்தாலிக்கு எதிரான யூரோ இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாக்கா மூவரும் பெனால்டியைத் தவறவிட்டார்கள். சாக்காவுக்கு வயது 19. மூவர்மீதும் இனவெறி வசை கொட்டியது. யார் உதைப்பது என்று தீர்மானித்தது தான்தான் என்று பயிற்சியாளர் கேரத் சவுத்கேட் முன்வந்து சொன்னார். 1996-இல் அதே வெம்பிளியில் ஜெர்மனிக்கு எதிராகப் பெனால்டியைத் தவறவிட்டவர் அவர். தேர்வு தன்னுடையது என்று அவர் ஏற்றது பொறுப்பு. உதைத்தவர்கள்மேல் விழுந்தது பழி. அவர்கள் அதற்கு உரியவர்கள் அல்லர்.

முயற்சியையே நிறுத்திக்கொள்வது அப்படியன்று. ஓட முடிந்தும் ஓடாத ஆட்டக்காரர், பக்கத்தில் மூச்சுவாங்க ஓடும் தோழனை ஏமாற்றுகிறார். அணி கீழே இறங்கினால் தொலைக்காட்சி வருமானம் சரிந்து முதலில் வேலை இழக்கக்கூடிய அலுவலகச் சிப்பந்திகளையும் ஏமாற்றுகிறார். அவருக்கு மன்னிப்பு எளிதில் கிடைக்கக் கூடாது. ஆனால் ஒருவர் மனத்தளர்ச்சியால் மெல்ல ஓடினாரா, வஞ்சத்தால் ஓடினாரா என்பது அரங்கின் இருக்கையிலிருந்து தெரியாது. பயிற்சியாளருக்குக்கூட நிச்சயமாகத் தெரியாது. 2015 டிசம்பர் 14 அன்று, ரனியெரியின் இதே லெஸ்டரிடம் 2-1 என்று தோற்றபின், தன் உழைப்புக்குத் துரோகம் நடந்துவிட்டதுபோல் உணர்வதாகச் செல்சியின் பயிற்சியாளர் ஜோசே மொரீன்யோ சொன்னார். மூன்றாம் நாள் அவர் பதவியில் இல்லை. காயம்பட்ட மனிதரின் சொல் அது. சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் ரனியெரியை நீக்கியது அநியாயமா? அப்படியும் சொல்ல முடியாது. வீரர்களை வாங்கி விற்கும் காலம் ஜனவரியோடு மூடிவிட்டது. இருபதுக்கு மேற்பட்டவர்களை மாற்ற வழியில்லை, ஒருவரை மாற்றலாம். நூற்றுக்கணக்கானவர்களின் பிழைப்பு ஒரு புள்ளியில் தொங்கும்போது அந்த ஒருவரை மாற்றிப் பார்ப்பது நியாயமான கணக்கே. ஆனால் அது கணக்கு மட்டுமே. தோல்விக்கு அவரே குற்றவாளி என்று அதற்கு அர்த்தமில்லை. நீக்கும் கிளப்புகள் இதை வாய்விட்டுச் சொல்லக் கடமைப்பட்டவை. சொல்லாதபோது, வெளியேறும் மனிதரோடு குற்றமும் ஒட்டிக்கொண்டு போகிறது. ஷேக்ஸ்பியருக்கும் அதுவே நேர்ந்தது: 2017 ஜூனில் நிரந்தரப் பதவி, அக்டோபரில் நீக்கம்.

அந்தப் பிப்ரவரியில் ஒரு செயலைமட்டும் தயங்காமல் தவறு என்று சொல்லலாம். ஏழாம் தேதி லெஸ்டர் கிளப், ரனியெரிக்குத் தன் ஆதரவு அசையாதது என்று அறிக்கை வெளியிட்டது. பதினாறாம் நாள் அவரை நீக்கியது. தோல்வியை அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த வாக்கை விரும்பித்தான் கொடுத்தார்கள். மறுநாள் ரனியெரி ஒரு விடைபெறும் கடிதம் வெளியிட்டார். தன் கனவு இறந்துவிட்டது என்று அதில் எழுதினார். ஆட்டக்காரர்களுக்கும் கிளப்புக்கும் நன்றி சொன்னார்.