குள்ளர்கள் கேட்டதில் என்ன தவறு?

புலித்தோல் போர்த்திய கழுதையின் கதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். பஞ்சதந்திரத்தில், சலவைத் தொழிலாளி ஒருவர் தன் கழுதைக்குப் புலித்தோலைப் போர்த்தி ராத்திரியில் அடுத்தவர் வயலில் மேய விடுகிறார். ஒருநாள் கழுதை வாயைத் திறந்து கத்த, குட்டு உடைகிறது. ஈசாப்பிடம் அதே கதை சிங்கத்தோலோடு இருக்கிறது. வள்ளுவர் கழுதைக்குப் பதிலாகப் பசுவை வைத்தார். அதை அவர் எந்த இடத்தில் வைத்தார் என்பதுதான் எனக்கு முக்கியம்: துறவுக் கோலத்தில் ஊரை ஏய்ப்பவர்களைச் சாடும் ‘கூடா ஒழுக்கம்’ அதிகாரத்தில், 273ஆவது குறளில். எங்கே போனாலும் இந்தக் கதை கேட்பவரைக் கொஞ்சம் விழிப்பானவராக்கிவிட்டுப் போகிறது.

ஒரே ஒரு புத்தகத்தில் மட்டும் அது தலைகீழாகிறது. சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா வரிசையின் ஏழாவது நாவல், 1956இல் வந்த ‘தி லாஸ்ட் பேட்டில்’. பிரிட்டனில் சிறுவர் இலக்கியத்துக்கான கார்னகி பதக்கம் பெற்றது. ஷிஃப்ட் என்ற கிழட்டுக் குரங்கு, அருவியில் அடித்துவரப்பட்ட சிங்கத்தோலை எடுத்து பஸில் என்ற அப்பாவிக் கழுதைக்கு மாட்டிவிடுகிறது. நார்னியாவைப் படைத்த சிங்கமான அஸ்லான் திரும்பி வந்துவிட்டதாக அறிவிக்கிறது. ராத்திரியில், கொட்டகை வாசலில், தீ வெளிச்சத்தில், தூரத்திலிருந்து மட்டும் தரிசனம். பக்கத்தில் போய்க் கேள்வி கேட்க யாருக்கும் அனுமதியில்லை. அஸ்லானின் கட்டளை என்று சொல்லியே பேசும் விலங்குகளை அயல்நாட்டவரிடம் கூலிவேலைக்கு அனுப்புகிறது குரங்கு. மத வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாகப் பிள்ளைகளுக்குக் காட்டிய கதைகள் குறைவு. இந்தப் பாராட்டை மனதாரச் சொல்கிறேன்.

அடுத்து வரும் காட்சிதான் என் வழக்கு. உப்புச் சுரங்கத்துக்கு ஓட்டிச் செல்லப்படும் சித்திரக்குள்ளர் கூட்டம் ஒன்றை டிரியன் மன்னன் வழிமறிக்கிறான். காவலர்களைக் கொன்று, கழுதையையும் தோலையும் அவர்கள் கண்முன் காட்டி, இதுதான் உங்களை மிரட்டிய அஸ்லான் என்கிறான். இனி உண்மையான அஸ்லானுக்காகப் போராட வாருங்கள் என்று அழைக்கிறான். ஆரவாரத்தை எதிர்பார்த்தவனுக்குக் கிடைப்பது ஒரு கேள்வி. அந்த உண்மையான அஸ்லான் எங்கே, காட்ட முடியுமா என்கிறார்கள் குள்ளர்கள். நான் கூப்பிட்டால் வருவதற்கு அவர் வளர்ப்புச் சிங்கமா என்று மன்னன் சீறுகிறான். அவ்வளவுதான், குள்ளர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். குரங்கும் இதே பதிலைத்தானே சொன்னது!

குள்ளர்கள் சொன்னது சரி. மோசடிக்காரனும் உண்மையான பக்தனும் ஒரே பதிலைத் தருகிறார்கள் என்றால், வெளியே நிற்பவர் இருவரையும் எதை வைத்துப் பிரித்தறிவது? டிரியன் யோக்கியன் என்பது வாசகருக்குத் தெரியும், ஆசிரியர் சொல்லியிருக்கிறார். நேற்றுவரை கழுதையைக் கும்பிட வைக்கப்பட்ட குள்ளருக்கு அதை யார் சொன்னார்கள்? லூயிஸ் இந்த இடத்தை ஒளிக்காமல் எழுதினார். மன்னனே, தப்பாகப் பேசிவிட்டோம் என்று உணர்வதாகக் காட்டினார். அந்த நேர்மைக்குப் பிறகு அவர் குள்ளர்களுக்கு எழுதிய தீர்ப்பைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தீர்ப்பு இது. கொட்டகைக்குள் தள்ளப்பட்ட குள்ளர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே இருப்பதோ வேறோர் உலகம்: சுற்றிலும் வெயில், பச்சைப் புல், பூக்கள். அவர்களுக்கோ கும்மிருட்டு. லூசி என்ற பெண் பூப்பறித்து மூக்கருகே நீட்டினால் மாட்டுக் கொட்டில் குப்பை நாறுகிறது என்கிறார்கள். அஸ்லான் அவர்கள் மடியில் பெரிய விருந்தையே வரவழைக்கிறது. அவர்கள் நாக்கில் அது வைக்கோலாகவும் பழைய கிழங்காகவும் படுகிறது, மதுவோ கழுதை வாய்வைத்த தொட்டித் தண்ணீராக. ஏமாந்துவிடுவோமோ என்ற பயத்தில் தங்கள் மனச்சிறையில் தாங்களே கிடக்கிறார்கள், இவர்களை மீட்க முடியாது என்று சொல்லிவிட்டு நகர்கிறது சிங்கம்.

அந்தக் குள்ளர்கள் குற்றமற்றவர்கள் இல்லை. மன்னனுக்கு உதவ ஓடிவந்த பேசும் குதிரைகளை அம்பெய்து கொன்றவர்கள். அதற்காக அவர்களைத் தண்டித்திருந்தால் நான் பேசவே மாட்டேன். ஆனால் குதிரைகளைக் கொன்ற அதே குள்ளர்களில் ஒருவர், நார்னியா முடியும் நாளில், அந்தக் கொட்டகை வாசலில், சிங்கத்தின் முகத்தை அன்போடு பார்த்தவர்களின் கூட்டத்தில் உள்ளே வந்துவிடுகிறார். வாழ்நாளெல்லாம் டாஷ் என்ற வேறொரு தெய்வத்தைக் கும்பிட்ட எமெத் என்ற எதிரிநாட்டு இளைஞனும் வருகிறான். அவனை ஏற்றுக்கொண்டது லூயிஸின் பெருந்தன்மை என்று பலர் புகழ்வார்கள், புகழட்டும். மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கொலை செய்தவருக்கு வழி உண்டு, வேறு சாமி கும்பிட்டவருக்கு வழி உண்டு, ஆதாரம் கேட்டு அசையாமல் உட்கார்ந்தவருக்கு மட்டும் இருட்டு. பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்க இது என்ன நீதி?

அதே வாசலில் இன்னொன்றும் நடக்கிறது. சிங்கத்தைப் பயத்தோடும் வெறுப்போடும் பார்க்கும் விலங்குகள் அந்தக் கணமே பேச்சை இழந்து, வெறும் விலங்குகளாகி, அதன் நிழலுக்குள் மறைந்துபோகின்றன. 1955இல் வந்த ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’வில் சிங்கமே சில விலங்குகளைத் தேர்ந்து பேச்சைக் கொடுக்கிறது. பழைய நிலைக்குத் திரும்பினால் அது போய்விடும் என்று அப்போதே எச்சரிக்கிறது. பேச்சு என்றால் வாதாடும் திறன், மறுத்துச் சொல்லும் திறன். என்னை நேசிக்காதவனுக்கு மறுத்துப் பேசும் வாய் இருக்கக்கூடாது என்பது ஆண்டான்களின் பழைய ஆசை. அதைத் தெய்வநீதி என்று அழகாக எழுதியதால் ஆசை மாறிவிடாது.

லூயிஸ் தர்க்கம் தெரியாதவர் இல்லை. 1898இல் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தவர். இளவயதில் நாத்திகர். கிர்க்பேட்ரிக் என்ற, சொன்னதற்கெல்லாம் காரணம் கேட்கும் நாத்திக ஆசிரியரிடம் படித்தவர். 1931இல், டோல்கீன் போன்ற நண்பர்களோடு பேசிப்பேசி, கிறிஸ்தவத்துக்குத் திரும்பினார். போர்க்காலத்தில் பிபிசி வானொலியில் ஒரு வாதம் வைத்தார்: தன்னைக் கடவுள் என்று சொன்ன இயேசு பித்தராக இருக்கவேண்டும், அல்லது கொடியவராக, இல்லையென்றால் சொன்னபடியே கடவுளாக. 1950இல் முதல் நார்னியாக் கதையில் அதே வாதம் ஒரு பேராசிரியர் வாயில் வருகிறது. அலமாரிக்குள் புகுந்து வேறொரு உலகம் போய்வந்தேன் என்கிறாள் லூசி. அண்ணனும் அக்காவும் அலமாரியின் பின்பலகையைத் தட்டிப் பார்த்தவர்கள், வெறும் மரம். பேராசிரியரோ, அவள் பொய் சொல்கிறாளா, பைத்தியமா, உண்மை சொல்கிறாளா என்று மூன்றே வழி வைக்கிறார். முதல் இரண்டும் இல்லை, ஆகவே மூன்றாவது. சின்னப் பெண் கனவு கண்டிருக்கலாம், விளையாட்டில் தன்னை மறந்திருக்கலாம், அந்த வழிகளெல்லாம் எங்கே போயின? பலகையைத் தட்டிப் பார்த்த பிள்ளைகள்தான் சரியாக நடந்துகொண்டார்கள். கதை அவர்கள்மேல் பழியைப் போடுகிறது.

இது உருவகக் கதையல்ல என்று லூயிஸ் வற்புறுத்தினார். நார்னியா போல ஓர் உலகம் இருந்து, அங்கே தேவகுமாரன் சிங்கமாக வந்தால் எப்படியிருக்கும் என்ற கற்பனைதான் என்றார். ஏற்றுக்கொள்கிறேன். என் மறுப்பு அந்தக் கற்பனையின் வசதி மீதுதான். அந்த உலகத்தில் சிங்கம் இருக்கிறது, ஆசிரியர் வைத்தார். அதனால் சந்தேகப்படுகிறவர் அங்கே எப்போதும் தவறானவராகத்தான் இருக்க முடியும். புத்தகத்தை மூடியதும் சிங்கம் உள்ளேயே தங்கிவிடுகிறது. சந்தேகப்படுகிறவர் சின்னப்புத்திக்காரர் என்ற எண்ணம் மட்டும் பிள்ளையோடு வெளியே வருகிறது. நாளைக்குச் சாமியார் ஒருவர் வெறுங்கையில் விபூதி வரவழைக்கும்போது ‘கையைத் திறந்து காட்டுங்கள்’ என்று கேட்கவேண்டிய பிள்ளை அது.

நார்னியாவைக் கடுமையாக எதிர்த்த பிலிப் புல்மன், தன் ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ நாவல்களில் எதிர்த்திசையில் இதையே செய்தார் என்பேன். அங்கே கடவுள் எனப்படுபவர் தள்ளாத கிழவராக வந்து காற்றில் கரைந்துபோகிறார். அதுவும் ஆசிரியர் வைத்ததுதான், நிரூபித்ததல்ல. நம் தரப்புக் கதை என்பதற்காக அதற்குச் சலுகை கிடையாது.

நார்னியாவைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கச் சொல்லவில்லை. அலமாரிக்கு அப்பால் பனிக்காட்டில் தனியாக எரியும் அந்தத் தெருவிளக்கை எந்தப் பிள்ளைக்கும் நான் மறுக்கமாட்டேன். படிக்கக் கொடுங்கள். குள்ளர்கள் ‘எங்கே அவர்’ என்று கேட்கும் பக்கத்தில் நிறுத்தி, 1954இல் வந்த ‘தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்’ கதையையும் பக்கத்தில் வையுங்கள். அதில் பிரீ என்ற பேசும் குதிரை, அஸ்லான் நிஜச் சிங்கமாக இருக்க முடியாது என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும். அஸ்லானே நேரில் வந்து, என்னைத் தொட்டுப் பார், மோந்து பார், இதோ என் பாதம், இதோ என் வால் என்று காட்டும். பிரீக்குத் தண்டனை இல்லை, ஆதாரம் கிடைத்தது. உப்புச் சுரங்கத்துக்குப் போகும் சாலையில், கழுதையைச் சிங்கமென்று நம்பி ஏமாந்த குள்ளர்கள் அதையேதான் கேட்டார்கள். ஏன் அவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை என்று பிள்ளையிடமே கேளுங்கள்.