பார்த்தலும் பார்த்துக்கொள்ளுதலும்

தமிழில் 'பார்' என்ற வினையோடு 'கொள்' சேரும்போது அர்த்தத்தின் தளமே மாறிவிடுகிறது. 'குழந்தையைப் பார்' என்றால் கண்ணுக்கு மட்டுமே வேலை. 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்றால் ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. குழந்தை விழுந்தால் கேள்வி நம்மிடம் வரும். இதோடு 'இரு' என்ற இன்னொரு துணைவினை சேர்ந்தால் எல்லாம் தலைகீழ். 'பார்த்துக்கொண்டிருந்தான்' என்பது பல சமயம் குற்றச்சாட்டு. போர்ப் பிரதேசங்களில் மக்களைக் காப்பாற்ற, நடப்பதை நடக்கும்போதே காட்டும் வீடியோவைப் பயன்படுத்துவது பற்றிய இன்றைய பேச்சில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன என்று நினைக்கிறேன்.

அந்தப் பேச்சின் அடியில் இருக்கும் நம்பிக்கை எளிமையானது. கொலை மறைவில் நடக்கிறது. வெளியுலகத்துக்குத் தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆகவே தெரிவதற்கும் நடப்பதற்கும் இடையே உள்ள காலத்தை அழித்துவிட்டால் உதவி வந்துவிடும். தர்க்கத்தில் பிழை இருப்பதாக உடனே தோன்றாது.

2013 டிசம்பரில் கிழக்குக் காங்கோவின் கோமா நகரிலிருந்து ஐ.நா. அமைதிப்படை ஆயுதமற்ற ஆளில்லா விமானங்களைப் பறக்கவிட்டது. அமைதிப்படை தனக்கென்று இவற்றை அமர்த்திக்கொண்டது அதுவே முதல் தடவை. காடும் மலையும் மிகுந்த, சாலைகள் குறைந்த, ஆயுதக் குழுக்கள் பல உலவும் பிரதேசம் அது. மேலிருந்து காமிரா அனுப்பும் படத்தைத் தரையில் ஓர் அறையில் இருந்தபடி அந்தக் கணமே பார்க்க முடிந்தது. 2014 மே மாதம் கோமாவுக்கு அருகே கீவு ஏரியில் ஒரு படகு விபத்துக்குள்ளானது. காமிரா அதைக் கண்டது. அமைதிப்படையின் படகுகள் விரைந்தன. தண்ணீரில் தத்தளித்தவர்களில் பலர் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

அடுத்த மாதம், ஜூன் 6 இரவு, தெற்குக் கீவு மாகாணத்தின் முத்தாருலே என்ற ஊரில் குறைந்தது 30 பேர் கொல்லப்பட்டார்கள். அமைதிப்படையின் முகாம் 9 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. தாக்குதல் நடப்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தும் யாரும் போகவில்லை என்று ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் பதிவுசெய்திருக்கிறது. அங்கே குறைந்தது கண் அல்ல.

இது ஒரு முகாமின் விசித்திரமும் அல்ல. ஐ.நா.வின் உள் தணிக்கைப் பிரிவே 2014இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2010 முதல் 2013 வரை பொதுமக்கள் தாக்கப்பட்டதாக அறிக்கைகளில் வந்த 507 சம்பவங்களில், அமைதிப்படை உடனே ஏதாவது செய்ததாகப் பதிவானவை 101. ஐந்தில் ஒன்று. மீதி நான்கும் தெரிந்தவைதான். தெரியாதிருந்தால் அறிக்கையில் வந்திருக்காது.

1971இல் கிழக்கு வங்காள அகதிகளின் அவலத்தை முன்வைத்து பீட்டர் சிங்கர் ஒரு கட்டுரை எழுதினார். அச்சில் வந்தது 1972இல். ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்கிக்கொண்டிருக்கிறது. வழியே போகிற நான் இறங்கித் தூக்க வேண்டும். உடை சேறாகும் என்பது காரணமாகாது. அப்படியானால் தொலைவில் சாகும் குழந்தைக்கும் இதுவே பொருந்தும். தூரம் தார்மீகக் கடமையைக் குறைப்பதில்லை. தூரத்தைப் பற்றி அவர் சொல்வது சரி. ஆனால் குளத்துக் கதையில் அவர் கவனிக்காமல் விட்ட ஒரு வசதி உண்டு. அங்கே பார்க்கிற கண்ணும் இறங்குகிற காலும் ஒரே உடம்பில் இருக்கின்றன. கண்டவன்தான் போக வேண்டியவன் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

வீடியோ இந்த உடம்பைத் துண்டாக்குகிறது. கண் ஓர் அறையில், கால் ஒரு முகாமில், காலை நகரச் சொல்லும் வாய் வேறொரு நகரத்தில். கண் தன் வேலையைச் செவ்வனே முடித்து அறிக்கை அனுப்புகிறது. வாய் மேலிடத்தைக் கேட்கிறது. கால் உத்தரவுக்குக் காத்திருக்கிறது. கடமை தவறியவர் என்று ஒருவரையும் சுட்ட முடியாது. கீவு ஏரியில் இந்தத் துண்டுகள் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், அங்கே சுடுவதற்கு எதிரி இல்லை; சேறானது உடை மட்டும்தான். முத்தாருலேயில் போகிறவன் தன் உயிரை வைக்க வேண்டியிருந்தது. எந்தக் காமிராவும் அந்த விலையைக் குறைக்காது. 2016 டிசம்பரில் கிழக்கு அலெப்போவில் சிக்கியவர்கள் தாங்களே படம்பிடித்து உலகத்துக்கு விடைசொல்லி அனுப்பினார்கள். பார்த்தவர்கள் கணக்கில் அடங்க மாட்டார்கள்.

நான் வேலை செய்யும் வங்கியில் பெட்டக அறையிலும் காமிரா இருக்கிறது. ஆனால் பெட்டகத்துக்குச் சாவி இரண்டு. எது யார் கையில் என்பதற்குப் பதிவேட்டில் கையெழுத்து உண்டு. பணத்தைக் காப்பது அந்தக் கையெழுத்து. மனிதர்களைக் காக்கும் ஏற்பாட்டில் அதற்குச் சமமான ஒரு பதிவேட்டை நான் தேடுகிறேன்.

பார்க்கப்படுவதே கொலைகாரனைத் தயங்கவைக்கும் என்று ஒருவர் சொல்லலாம். சில இடங்களில் உண்மை. ஆனால் அவன் பயப்படுவது லென்ஸுக்கு அல்ல, அதன் பின்னால் யாரோ கிளம்பி வருவார்கள் என்ற எண்ணத்துக்கு. 507க்கு 101 என்ற கணக்கை அவனாலும் வாசிக்க முடியும். பிறகு வழக்கு மன்றத்தில் சாட்சியமாகும் என்பதும் சரிதான். இறந்தவர்களுக்கு அது செய்ய வேண்டிய காரியம். அதை உயிரோடிருப்பவர்களின் பாதுகாப்பு என்று அழைக்கக் கூடாது.

கண் யாருடையது என்பதும் இருக்கிறது. 2008 செப்டம்பரில் இலங்கை அரசின் உத்தரவுப்படி ஐ.நா.வின் வெளிநாட்டு ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பியபோது, மக்கள் அவர்களுடைய அலுவலகத்தின் முன் கூடிப் போக வேண்டாம் என்று மன்றாடினார்கள். அவர்கள் கேட்டது ஆயுதம் அல்ல. இருந்து பாருங்கள் என்பதுதான். அந்தக் கண்கள் போயின. ஆனால் வன்னியின் வானத்தில் கண் இல்லாமல் இல்லை. இராணுவத்தின் வேவு விமானம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதன் இரைச்சலை வைத்து ஜனங்கள் அதை 'வண்டு' என்றார்கள். 2009 ஏப்ரலில் மண்ணணை உடைந்து மக்கள் கூட்டமாக வெளியேறுவதை மேலிருந்து எடுத்த படத்தை அரசே உலகத்துக்குக் காட்டியது. அத்தனை துல்லியமாகத் தெரிந்த மண்ணில்தான் ஆஸ்பத்திரிகள் திரும்பத் திரும்ப ஷெல்லடிக்கு உள்ளாயின. நேரடியாகப் பார்க்கும் ஆற்றலில் கருணை இயல்பாக உறைந்திருப்பதாக எண்ணுகிறவர்கள் வண்டின் சத்தத்தைக் கேட்டவர்களிடம் விசாரிக்கலாம்.

காமிரா வேண்டாம் என்பதல்ல என் வாதம். கீவு ஏரியில் பிழைத்தவர்கள் அப்படிச் சொல்ல விட மாட்டார்கள். காமிராவை மேலே அனுப்புவதற்கு முன்பே மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: பார்ப்பவர் யார், போகிறவர் யார், எத்தனை நேரத்துக்குள். அவ்வாறு எழுத யாரும் தயாரில்லை என்றால் அதைக் கீழே இருப்பவர்களிடம் சொல்லிவிட வேண்டும். தலைக்கு மேல் ஒரு கண் இருக்கிறது என்று நம்பி ஓர் ஊர் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. வர யாரும் இல்லை என்று தெரிந்தால், இருட்டுவதற்குள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பவாவது அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.