பாவத்தில் பங்கு யாருக்கு?

வழிப்போக்கரை மறித்துப் பொருள் பறித்து மனைவி மக்களைக் காத்துவந்த வேடன் ஒருவன், ஒருநாள் முனிவர்களையும் மறித்தான். இப்பாவத்தில் பங்கு கொள்வார் உண்டோ என வீட்டாரைக் கேட்டு வருமாறு அவர்கள் அவனை அனுப்பினர். கொண்டுவருவதை உண்பதே தங்கள் வேலை, பாவம் அவனுடையதே என்று வீட்டார் கைவிரித்துவிட்டனர். அவ்வேடனே பின்னர் வால்மீகி மகரிஷியாக விளங்கினான் என்பது பெரியோர் கூறும் வரலாறு.

குற்றம் செய்தவனே அதன் பலனை அனுபவிப்பான் என்பது இதனால் விளங்கும். ஆயினும் சாஸ்திரம் இத்துடன் நின்றுவிடவில்லை. குடிகளைக் காவாத அரசனுக்கு, அவர்கள் செய்யும் பாவத்தில் ஆறில் ஒரு பங்கு சேரும் என்று மனுஸ்ம்ருதி விதிக்கின்றது. வீட்டார் மறுத்த பங்கை நாட்டை ஆள்வோன் மறுக்க இயலாது. குடிகளே ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் இக்காலத்தில் அந்த ஆறில் ஒரு பங்கு யார் தலையில் ஏறும் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

குற்றத்திற்குப் பசி ஒரு காரணம். மகாபாரதத்துச் சாந்தி பர்வத்தில், பன்னிரண்டாண்டு மழை பொய்த்த பஞ்சத்தில், விசுவாமித்திர முனிவரே சண்டாளன் குடிசையில் நாயின் இறைச்சியைத் திருடப் புகுந்தார் என்ற உபாக்கியானம் உள்ளது. தருமத்தை எடுத்துரைத்துத் தடுத்தவன் அந்தச் சண்டாளனே. தவத்தில் சிறந்தவரையும் பசி அந்நிலைக்குக் கொணருமாயின், தவமும் கல்வியும் இல்லாத ஏழையின் திறத்துச் சொல்ல வேண்டுவது என்ன?

பசியினும் கொடிய காரணம் ஒன்றுண்டு. ஒருவனைப் பிறப்பினாலேயே கள்வன் என்று பெயரிட்டு ஒதுக்குவதே அது. ஆங்கிலேயர் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றினர். முதலில் வடநாட்டில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், 1911இல் விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்திலும் புகுந்தது. ஒரு குலத்தாரைக் குற்றப் பரம்பரையினர் என அரசு அறிவித்துவிட்டால், அவ்வறிவிப்பை எதிர்த்து நீதிமன்றத்தில் கேட்கவும் வழியில்லை. கைரேகை பதித்தனர், வேற்றூர் செல்ல ராதாரிச் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று. மதுரைப் பக்கத்துப் பிறமலைக் கள்ளர் சமூகத்து ஆடவர் பலர் இரவுதோறும் போலீஸ் காவலில் படுத்துறங்கும்படி ஆயிற்று.

இச்சமூகத்தார் முன்னர்க் கிராமக் காவல் புரிந்து காவற்கூலி பெற்று வாழ்ந்தவர்கள். அந்நியர் ஆட்சியில் போலீஸ் ஏற்பாடு வந்தபின் அவ்வுரிமை பறிபோயிற்று. வானம் பார்த்த நிலம் வயிற்றுக்குப் போதவில்லை. பிழைக்கும் வழியை அடைத்துவிட்டுப் பிழைக்கத் தெரியாதவர் என்று பழித்தது போலாயிற்று. இரவில் நீர் பாய்ச்சவும் நோயாளிக்கு மருந்து வாங்கவும் செல்ல இயலாதவனுக்கு யார் வேலை தருவர்? ஊரார் அஞ்சினர், அச்சத்தால் விலக்கினர், விலக்கப்பட்டவரிற் சிலர், ஊரார் எதை அஞ்சினரோ அதையே செய்தனர். அதனைச் சான்றாகக் காட்டிச் சட்டம் மேலும் இறுகியது. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், கைரேகை பதிக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது போலீசார் சுட்டதில் பெண்ணொருத்தி உட்படப் பலர் மாண்டனர். குற்றத்தைத் தடுக்க வந்ததாகச் சொல்லப்பட்ட சட்டமே கொலையில் முடிந்தது.

சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதற்கும் ஆராய 1949இல் அமைந்த குழுவுக்குத் தலைமை வகித்தவர், பின்னாளில் மக்களவைத் தலைவராக விளங்கிய ஸ்ரீமான் மா. அனந்தசயனம் அய்யங்கார். அக்குழு சட்டத்தை நீக்கவே பரிந்துரைத்தது; 1952 ஆகஸ்டு 31 முதல் அது ஒழிந்தது. எனினும் ஏட்டில் ஒழிந்தது எண்ணத்தில் ஒழிய நாளாகின்றது. சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகள் செல்லா என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 அக்டோபரில்தான். சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதும் போக்கையும் அத்தீர்ப்பு கண்டித்தது.

சட்டம் எந்தப் பெயரைப் பழிப்பெயராக எழுதியதோ, அந்தப் பெயரைத் திருமாலிருஞ்சோலை எம்பெருமான் தன் திருநாமமாகவே கொண்டுள்ளான். சித்திரைத் திருவிழாவில் கண்டாங்கி உடுத்தி, வளைதடி ஏந்தி, கள்ளர் திருக்கோலத்திலேயே கள்ளழகர் மதுரைக்கு எழுந்தருளுகின்றார். இரவெல்லாம் காத்திருந்து சேவிக்கும் லட்சோபலட்சம் மக்களில் ஒருவரும் அக்கோலத்தைக் கண்டு அஞ்சுவதில்லை.

ஆலிநாடு ஆண்ட கலியன் சரிதமும் இதனையே உணர்த்தும். அடியார்க்கு அமுது படைக்கப் பொருளின்றி வழிப்பறி செய்தவர் அவர். மணக்கோலத்தில் வந்த எம்பெருமானையே மறித்து, கழலாத திருவடி மோதிரத்தைப் பல்லால் கடித்து வாங்கினார். அவன் தண்டிக்கவில்லை, குலம் கேட்கவில்லை, செவியில் திருமந்திரத்தை அருளினான். வேடுபறி உற்சவத்தில் அன்பர்கள் கண்டு களிப்பது இதனையே. இதனால் வழிப்பறி தருமமாகிவிடாது. பொருள் பறிகொடுத்தவனின் கண்ணீரும், அடிபட்டவனின் காயமும் எந்தக் காரணத்தாலும் இல்லையென்று ஆகிவிடா. அவனுக்கு நீதி கிடைக்க வேண்டும். குற்றவாளி தண்டனை பெறவும் வேண்டும். ஆனால் தண்டனை செய்த செயலுக்கு உரியது. பிறந்த குலத்திற்கு உரியதன்று. ஆயுள் முழுவதற்கும் உரியதுமன்று.

உற்சவம் சேவித்து ஊர் திரும்பும் அன்பர்கள் ஒன்றை மனத்திற்கொள்ளலாம். சிறை மீண்டவன் ஒருவன் வாசலில் வந்து வேலை கேட்கலாம். அவன் மகன் பள்ளியில் தம் பிள்ளைக்கு அருகில் அமரலாம். அன்று சொல்லும் சொல்லும் காட்டும் முகமுமே, அவன் நிமிர்ந்து வாழ்வதா, பழைய வழிக்கே மீள்வதா என்பதில் பாதியை முடிவு செய்யும். வேடன் வீட்டார்போல் கைவிரித்துவிடுவது எளிது. ஆறில் ஒரு பங்கு தம்முடையது என உணர்ந்து கதவைத் திறப்பதே, கலியன் செவியில் மந்திரம் ஓதிய பெருமானுக்கு உகந்த கைங்கர்யம்.