காதிகா பூமியும் நம் ஊர்க் குளங்களும்



புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் வழியில் உள்ள சிற்றன்னவாசல் குன்றுக்கு நம்முள் பலர் சென்று வந்திருப்பர். அங்கே அறிவர் கோயிலின் அர்த்த மண்டபத்தில் நின்று அண்ணாந்து நோக்கினால் ஒரு தாமரைத் தடாகம் தென்படும். மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள் யாவும் அதனுள் உள்ளன. இலைகளுக்கும் மலர்களுக்கும் இடையே மூவர் நின்று மலர் கொய்கின்றனர். 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார் இந்த அர்த்த மண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. காலத்தாலும் மனிதர் கையாலும் சிதைந்தவை போக எஞ்சியதே இன்று நம் கண்ணுக்குக் கிடைக்கிறது.

காண வருவோர், "அழகான குளம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகின்றனர். அது வெறும் குளம் அன்று. பகவானின் சமவசரணத்தில் இரண்டாம் நிலமாகிய காதிகா பூமியே அவ்வாறு தீட்டப்பட்டுள்ளது என்று அறிஞர் கண்டு கூறியுள்ளனர். மலர் கொய்யும் அம்மூவரும் திவ்விய தொனி கேட்கச் செல்லும் வழியில் அந்நீரில் இறங்கிய பவ்யர்கள். அதாவது, அவர்கள் நாம்தாம்.

சமவசரணத்தின் அமைப்பை ஸ்ரீபுராணம் படித்தோர் அறிவர். சைத்திய பிராசாத பூமி, நீர் நிறைந்த காதிகா பூமி, கொடிகள் படர்ந்த லதா பூமி, அசோகும் சண்பகமும் மாவும் நிற்கும் உபவன பூமி, துவஜ பூமி, கற்பகத் தருக்களின் பூமி, பவன பூமி, ஸ்ரீமண்டப பூமி என எட்டு நிலங்கள். இவ்வெட்டில் நான்கு, சரிபாதி, நீருக்கும் கொடிக்கும் மரத்துக்கும் உரியவை. ஸ்ரீமண்டபத்தின் பன்னிரண்டு கோட்டங்களில் ஒன்று விலங்குகளுக்கு. தேவர் நிருமித்த சமவசரணத்தை ஓர் ஊரின் வரைபடத்தோடு ஒப்பிடலாமா என்று பெரியோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஒப்பிடவில்லை. ஓர் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் முன்னோர்க்கு எங்கிருந்து கிடைத்திருக்கும் என்றே எண்ணிப் பார்க்கின்றோம்.

புதுக்கோட்டைச் சீமையில் வற்றாத ஆறு கிடையாது. வெள்ளாறும் மழை பெய்தால்தான் ஓடும். ஆகவே இம்மாவட்டத்து மக்கள் மண்ணைக் குழித்து, கரை கட்டி, ஐப்பசி கார்த்திகை மழையைப் பிடித்து வைத்தே வாழ்ந்தனர். 5,000-க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் இங்கு உள்ளன. கண்மாய்களின் நடுவே நிற்கும் குமிழித் தூம்புகளின் கற்றூண்களில், அவற்றைச் செய்வித்தவர் பெயரைப் பொறித்திருப்பதை இன்றும் காணலாம். அரண்மனை கட்டியவர் பெயரோடு மடை வைத்தவர் பெயரையும் கல்லில் எழுதிய நாடு இது.

நகரமும் அவ்வாறே எழுந்தது. 1878-இல் திவானாகப் பொறுப்பேற்று, பின்னர் 1894 வரை அரசப் பிரதிநிதியாக இருந்த சர் அ. சேஷையா சாஸ்திரியார் நேரான தெருக்களை அமைத்ததைப் பலரும் புகழ்வர். எமக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது அவர் நகரத்துக் குளங்களைத் தூர் எடுத்துச் சீர்செய்ததே. சாந்தநாத சுவாமி கோயிலை ஒட்டிய பல்லவன் குளமும், குடிநீர் தந்த புதுக்குளமும் நகரின் உறுப்புகளாகவே கருதப்பட்டன. ஒரு குளம் நிரம்பினால் மிகுநீர் வாய்க்கால் வழியே அடுத்த குளத்துக்குச் செல்லும். தெருவில் விழுந்த மழை வீட்டுக்குள் புகாது. 2015-ஆம் ஆண்டில் சீன அரசு 16 நகரங்களைத் தேர்ந்தெடுத்து, மழைநீரை உறிஞ்சித் தேக்கும் 'பஞ்சு நகரங்கள்' ஆக்க முனைந்ததாகப் படித்தபோது, நமக்கு வியப்பைவிட வருத்தமே மிகுந்தது. நம்மிடம் இருந்ததை அவர்கள் புதிதாகச் செய்துகொண்டிருக்கின்றனர்.

2024-இல் புதுக்கோட்டை மாநகராட்சியாக உயர்ந்தது. நகரம் வளரும், சுற்றியுள்ள ஊராட்சிகளின் வயலும் குட்டையும் மனைகளாகும். குளங்களைக் காக்க 2007-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ஆனால் சட்டம் ஆவணத்தில் குளம் என்று எழுதியிருப்பதைத்தான் காக்கும். குளத்துக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலின் மேல் வீடு எழுந்துவிட்டால், குளம் ஆவணத்தில் இருக்கும், நீர் இராது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கியதன் விலையை வேளச்சேரி மக்கள் கொடுத்தனர்.

இனி நம் அறம் இதுபற்றி என்ன கூறுகிறது? சிராவகன் செய்யத் தகாத தொழில்கள் பதினைந்து என்று ஹேமசந்திராசாரியரின் யோக சாஸ்திரமும், ஆசாதரரின் சாகார தர்மாமிர்தமும் வரிசைப்படுத்துகின்றன. தந்த வாணிகம், நஞ்சு வாணிகம், காட்டுக்குத் தீயிடல் என நீளும் அவ்வரிசையில் 'சரஃசோஷம்' என்று ஒன்று உள்ளது. ஏரி, குளங்களை வற்றச் செய்தல் என்பது அதன் பொருள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இதனை ஒரு தொழிலாகக் கண்டு, கூடாது என்று விலக்கியிருக்கின்றனர்! நீரே உடலாகக் கொண்ட அப்காய ஜீவன்கள், அந்நீரை நம்பிய மீன், தவளை, ஆமை, கரையில் வாழும் பறவை என ஓரறிவு முதல் ஐந்தறிவு வரை அத்தனை உயிரும் ஒரே நாளில் மாய்வதால் இது கொடிய தொழிலாயிற்று.

"நாங்கள் குளத்தைத் தூர்க்கவில்லை, விற்பதைத்தான் வாங்கினோம்" என்று கூறுவோர் உண்டு. வினை வரும் வாயில் மூன்று: தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். விலை கொடுத்து வாங்குவது மூன்றாம் வாயில். இதனைப் பிறர்க்குச் சொல்லும் தகுதி எமக்கு இல்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நாமும் ஒரு விரிவாக்கப் பகுதியில் மனை வாங்கினோம். "பழைய குட்டை, இப்போது நீர் வருவதில்லை" என்றனர். நம்பினோம் என்பதைவிட, நம்ப விரும்பினோம் என்பதே உண்மை. பின்புறம் ஓடிய சிறு வாய்க்காலையும் மூடிச் சிமெண்டுத் தளம் போட்டோம். அடுத்து வந்த ஐப்பசி மழையில் நீர் தன் பழைய இடத்தைத் தேடி எம் கூடத்துக்கே வந்தது. மூன்று இரவுகள் வீட்டைச் சுற்றித் தவளைகள் கத்தின. அவை எம் வீட்டுக்கு வரவில்லை. அவற்றின் வீட்டில் நாம் இருந்தோம்.

இங்கே ஓர் ஐயம் எழும். குளம் தோண்டுவதும் உயிர்க்கொலை அன்றோ? கற்றறிந்தோர் நெடுங்காலமாகக் கேட்டு வந்த கேள்வி இது. சுவேதாம்பர ஆகமமாகிய சூத்ரகிருதாங்கம், இத்தகைய செயல் புண்ணியமா என்று கேட்டால் துறவி ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லலாகாது என்கிறது. ஆம் என்றால் மாயும் உயிர்களின் வினை சேரும். இல்லை என்றால் நீரின்றித் தவிப்போரின் வாழ்வைத் தடுத்ததாகும். அந்த மௌனம் துறவிக்கு உரியது. அன்றாடம் நீரைச் செலவிடும் இல்லறத்தான் அதன்பின் ஒளிந்துகொள்ள முடியாது. அவனுக்கு உரியது அநர்த்த தண்ட விரதம். பயனின்றி மண்ணை அகழாமை, நீரை வீணாக்காமை, மரம் செடிகளை வெட்டாமை. தேவைக்குச் செய்வதையும் கருணையோடு செய்ய வேண்டும். தூர் வாருவதைக் கோடையில் முழுதும் வற்றிய பின்னரே தொடங்குதல், சேற்றுக் குழியில் நீரும் மீனும் எஞ்சியிருந்தால் அம்மூலையை விட்டுவிடுதல், கரையில் நிற்கும் நாவலையும் மருதையும் பேணுதல் ஆகியவை அந்தக் கருணையின் வடிவங்கள். இப்போது பல ஊர்களில் 'அழகுபடுத்தல்' என்ற பெயரில் குளத்தைச் சுற்றிலும் சுவர் எழுப்பி, நடைபாதையும் வண்ண விளக்கும் அமைத்து, நீர் வரும் வாயை மட்டும் அடைத்துவிடுகின்றனர். அது குளத்துக்குச் செய்யும் அலங்காரம் அன்று, பிரேத அலங்காரம்.

செய்ய முடியுமா என்று மலைக்க வேண்டா. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகளில் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. வாழ்வாதாரம் இழந்த அவ்வூர்களில், அடுத்த ஆண்டு கோடையில், இளைஞர்கள் தாமே பணம் திரட்டிக் குளங்களைத் தூர் வாரினர். அவர்கள் சமணர் அல்லர். யோக சாஸ்திரம் படித்தவரும் அல்லர்.

நம் சமூகத்தார் தொகையில் சிறியோர். ஆயினும் ஒவ்வோர் ஊரிலும் ஜினாலயம் உண்டு. அதற்கு நிலமும், பல இடங்களில் ஊருணியும் உண்டு. இம்மழைக்கு முன் ஒவ்வோர் ஆலயக் குழுவும் தத்தம் ஊருணிக்கு நீர் எவ்வழி வருகிறது என்று நடந்து பார்த்து எழுதி வைக்கலாம். மனை வாங்க இருப்போர் பத்திரத்தோடு கிராமக் கணக்கின் பழைய வரைபடத்தையும் கேட்டுப் பார்க்கலாம். நகரத் திட்டம்பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டு அறிவிப்பு வரும்போது, எந்தக் கால்வாய் எந்தக் குளத்துக்குச் செல்கிறது என்பதை எழுத்தில் தெரிவிக்கலாம்.

எம் வீட்டின் பின்புறச் சிமெண்டுத் தளத்தைச் சென்ற வைகாசியில் பெயர்த்தெடுத்தோம். வாய்க்கால் எம் எல்லை வரையில் திறந்துள்ளது. அதற்கப்பால் அண்டை வீட்டார் இருவர் இன்னும் இசையவில்லை. ஒருவர், "உங்கள் தவளைக்காக என் கார் நிறுத்தும் இடத்தை இடிக்கவா?" என்று கேட்டார். மழைக்கு இன்னும் சில வாரங்கள் உள்ளன, அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.