பாவம் என்றொரு சொல்

"இந்தக் குளிர்ல வெளியே படுத்துக் கெடக்கு பாரு. பாவம்டா" என்றாள் அம்மா.

பனிக்கரடியைத்தான் சொன்னாள். மைனஸ் 12 டிகிரி. கரடி பனிமேட்டின் மீது முகத்தை முன்கால்களில் வைத்துக்கொண்டு தூங்கியது. அதன் முதுகில் விழுந்த பனித்துகள்கள் கரையாமல் அப்படியே தங்கியிருந்தன. உடம்பின் சூடு துளியும் வெளியே கசியாத அளவுக்கு அதன் ரோமமும் தோலுக்கடியிலுள்ள கொழுப்பும் அடர்த்தியானவை. அந்த இடத்தில் குளிர் ஒரு பொருட்டாகவே இல்லாத ஒரே உயிர் அது. இரண்டு ஸ்வெட்டர், ஜாக்கெட், அதற்கு மேல் குரங்குக் குல்லா என்று நின்ற அம்மா அதைப் பார்த்துப் பாவப்பட்டாள்.

எங்களை அழைத்து வந்த வழிகாட்டி, அறுபது வயதைத் தாண்டிய ஜப்பானியர், அம்மா என்ன சொன்னார் என்று கேட்டார். "கரடிக்காக வருத்தப்படுகிறார்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை. அம்மா சொன்ன சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு, செய்யக்கூடாததைச் செய்தால் நம் கணக்கில் ஏறுவதற்கும் அதே பெயர்தான் என்று விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்: "இங்கே இரண்டில் எது?"

அவர் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அன்று முழுக்க அது விடாமல் கூடவே வந்தது.

நாங்கள் நின்றிருந்தது ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், அசஹிகாவா நகரத்தின் அசஹியாமா உயிரியல் பூங்கா. நாட்டின் வடகோடி உயிரியல் பூங்கா இதுதான். 1902 ஜனவரி 25 அன்று இந்த நகரத்தில் பதிவான மைனஸ் 41 டிகிரிதான் ஜப்பானின் அதிகாரபூர்வக் குளிர்ச் சாதனை. சப்போரோவிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். ரயில், பேருந்து என்று மாறி மாறிப் போக அம்மாவின் முழங்கால் இடம்கொடுக்காது. அதனால் ஒரு நாளுக்கு வண்டியோடு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டேன். எனக்கு மிருகக்காட்சிசாலைகள் மேல் நல்ல அபிப்பிராயம் கிடையாது. கூண்டு என்றாலே தவறு என்பது நான் கல்லூரிக் காலத்தில் எடுத்த முடிவு. அதற்குப் பிறகு அதை எடுத்துப் பார்க்க அவசியம் வந்ததில்லை. "பென்குயின் நடந்து போகுமாமே" என்று அம்மா கேட்டதால் கிளம்பினோம்.

பென்குயின்கள் நடந்தன. குளிர்கால மாதங்களில் மட்டும் நடக்கும் காட்சி அது. பனிப்பாதையின் இருபுறமும் ஒரு வண்ணக் கோடு. வேலி இல்லை, கயிறு இல்லை. கோட்டைத் தாண்டக்கூடாது என்பது மனிதர்களுக்கான விதி, பென்குயின்களுக்கு அல்ல. அரச பென்குயின்கள் வரிசையாக வந்தன. ஒன்று நின்றால் பின்னால் வந்தவையும் நின்றன. ஒன்று அம்மாவின் காலணிக்கு ஒரு முழம் தள்ளி நின்று, கழுத்தை வளைத்து அவளை மேலும் கீழும் பார்த்தது. அம்மா சின்னப்பிள்ளை மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இது வேடிக்கைக்காகத் தொடங்கியது அல்ல என்று வழிகாட்டி சொன்னார். குளிர்காலத்தில் உடம்பை அசைக்காமல் பென்குயின்கள் எடை கூடிவிடுகின்றன. கூட்டமாகக் கடலை நோக்கி நடந்துபோகும் அவற்றின் பழக்கத்தையே வைத்து உடற்பயிற்சிக்கு வழி செய்திருக்கிறார்கள். போகிற தூரம் சுமார் 500 மீட்டர். வர விரும்பாத பென்குயினை யாரும் இழுத்து வருவதில்லை.

அந்த அரை மணி நேரத்தில் அம்மா ஒருமுறைகூட "பாவம்" என்று சொல்லவில்லை. நானும் நினைக்கவில்லை.

இந்தப் பூங்காவின் கதையே ஒருவகையில் அந்தச் சொல்லை அகற்றிய கதைதான். 1967இல் திறக்கப்பட்ட, நகராட்சி நடத்தும் சாதாரணப் பூங்கா இது. 1994இல் ஒட்டுண்ணி நோயால் ஒரு கொரில்லாவும் ஒரு லெமூரும் இறந்தன. பருவம் முடியும் முன்பே கதவை மூடவேண்டி வந்தது. 1996இல் பார்வையாளர்கள் ஆண்டுக்குச் சுமார் 2.6 லட்சம் என்று சரிந்தனர். கூட்டம் இல்லாத அந்த வருடங்களில் பராமரிப்பாளர்கள் உட்கார்ந்து, தாங்கள் கட்ட விரும்பும் பூங்காவைப் படங்களாக வரைந்தார்கள். விலங்கின் உருவத்தைக் காட்டாதே, அது என்னவெல்லாம் செய்யும் என்பதைக் காட்டு என்பதே அவற்றின் அடிப்படை. பின்னர் பணம் கிடைத்தபோது அந்தப் படங்கள் ஒவ்வொன்றாகக் கட்டடங்கள் ஆயின. பென்குயின் நம் தலைக்கு மேலே நீரில் பறப்பதைப் பார்க்க ஒரு கண்ணாடிச் சுரங்கம். கடல்நாய் நெட்டுக்குத்தாக ஏறி இறங்க ஒரு கண்ணாடிக் குழாய். ஒராங்குட்டான் கயிற்றைப் பிடித்து நகர 17 மீட்டர் உயரத்தில் ஒரு பாதை. 2006இல் இங்கே 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். நகரத்தின் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு.

பனிக்கரடிப் பகுதியில் தரைமட்டத்திலிருந்து ஒரு கண்ணாடிக் குமிழ் எழும்பி நிற்கும். நாம் கீழிருந்து அதற்குள் தலையை நுழைத்துப் பார்க்கலாம். பனிக்கட்டியின் துளை வழியே கடல்நாய் மூச்சு வாங்கத் தலை நீட்டுவதைப் போல் கரடிக்கு நாம் தெரிவோம் என்பது ஏற்பாடு. மிருகக்காட்சிசாலையில் மனிதன் விலங்கைப் பார்க்கிறான், விலங்கின் பார்வையோ அவனைத் தொடாமல் கடந்துபோகிறது என்று ஜான் பெர்ஜர் எழுதியிருக்கிறார். அந்தக் குறையை இவர்கள் வேறுவிதமாகத் தீர்த்திருக்கிறார்கள். கரடி நம்மைப் பார்க்கும், இரையாக. நான் தலையை நீட்டியபோது கரடி தூக்கத்திலிருந்து ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது. அவ்வளவுதான் என் மதிப்பு.

எல்லாம் நன்றாக இருந்தது. அதுதான் எனக்குத் தொந்தரவாகவும் இருந்தது. துருப்பிடித்த கம்பிக்குப் பின்னால் ஒரு விலங்கு சோர்ந்து கிடந்தால் என் பழைய முடிவுக்கு வேலை இருந்திருக்கும். இங்கே விலங்கு நீந்துகிறது, ஏறுகிறது, திரும்பிப் பார்க்கிறது. இரக்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கண்ணாடி இருக்கிறது. இரக்கத்துக்கு இடமில்லாமல் போனால் பாவமும் இல்லாமல் போய்விடுமா? அல்லது அந்தச் சொல்லின் ஒரு பாதி மட்டும் கழன்று விழுந்துவிட்டதா?

இதில் இரக்கத்தின் யோக்கியதையையும் பார்க்க வேண்டும். அம்மா பனிக்கரடிக்குக் குளிருமென்று உருகினாள். ஒட்டகச்சிவிங்கியின் கூடத்துக்குள் போனதும் "அப்பாடா, இங்கே இதமா இருக்கு" என்று குல்லாவைக் கழற்றினாள். ஆப்பிரிக்கப் புல்வெளியின் உயிர் ஒன்று, உறைபனி மாதங்களின் பெரும்பகுதியைக் கூரைக்கடியில் கழிக்கிறது. அதற்கு அவள் பாவப்படவில்லை. அங்கே அவளுக்குக் குளிரவில்லை. இரக்கம் நம் தோலை வைத்துத்தான் அளக்கிறது.

அம்மாவைச் சொல்லி நான் தப்பிக்க முடியாது. சிறுவயதில் எங்களூர்க் கோயில் யானையின் முன் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். காலில் சங்கிலி, நிற்பது கருங்கல் தரை. அது தும்பிக்கையால் தலையில் தொடும், ஐந்து ரூபாயை வாங்கிப் பாகனிடம் கொடுக்கும். அம்மாவும் நானும் ஒருநாள்கூட அதைப் பார்த்துப் பாவம் என்று சொன்னதில்லை. புண்ணியம் வாங்கப் போன இடத்தில் அந்தச் சொல் எப்படி வாயில் வரும்?

ஒரு வெற்றுக் கூண்டின் முன் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. வழிகாட்டி படித்துச் சொன்னார். அங்கே இருந்த விலங்கு இறந்துவிட்டது. அதன் பெயர், இறந்த நாள், காரணம். துக்க அறிவிப்பு. ஒரு விலங்கு செத்தால் சத்தமில்லாமல் இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்துவிடலாம், வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. இவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அன்று பார்த்ததில் என் மரியாதையைப் பெற்றது இந்தப் பலகைதான். உன்னை மகிழ்விக்க நாங்கள் வைத்திருந்த உயிர் எங்கள் பொறுப்பில் இறந்தது என்று அது ஒப்புக்கொள்கிறது. அம்மா இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எதுவும் சொல்லவில்லை.

கடைசியாக ஓநாய்களைப் பார்த்தோம். அந்தப் பகுதி 2008இல் திறக்கப்பட்டது. பனிமூடிய சரிவில் இரண்டு ஓநாய்கள் நின்றன. அவை ஹொக்கைடோவின் ஓநாய்கள் அல்ல, வட அமெரிக்க இனம். ஹொக்கைடோவுக்கென்று ஓர் ஓநாய் இருந்தது. இந்தத் தீவின் பூர்வகுடிகளான ஐனு மக்கள் அதை ஊளையிடும் கடவுள் என்று அழைத்தார்கள். மெய்ஜி அரசு இங்கே குதிரைப் பண்ணைகளை அமைத்தது. மான்கள் வேட்டையிலும் 1879இன் கடும்பனியிலும் கூட்டங்கூட்டமாக மடிந்தன. இரை இழந்த ஓநாய்கள் குதிரைகளிடம் வந்தன. அரசு அமர்த்தியிருந்த அமெரிக்கப் பண்ணை நிபுணர் எட்வின் டன், இறைச்சியில் ஸ்ட்ரிக்னின் விஷம் வைக்கச் சொன்னார். தலைக்கு இவ்வளவு என்று வெகுமதியும் அறிவிக்கப்பட்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஓநாய் இல்லை.

ஓநாய்ப் பகுதிக்குப் பக்கத்திலேயே மான்களின் பகுதி. ஹொக்கைடோவில் மான்கள் இன்று பல லட்சம். பயிரையும் காட்டையும் தின்று தீர்க்கின்றன என்று ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேலானவற்றை மனிதர்கள் கொல்கிறார்கள். ஓநாயின் வேலையை இப்போது நாம் செய்கிறோம்.

அம்மா ஓநாய்களை ரசித்தாள். அவை நன்றாகவே இருந்தன. அவற்றைப் பார்த்துப் பாவப்பட எதுவும் இல்லை. பாவப்பட வேண்டிய ஓநாய் அங்கே இல்லவே இல்லை. எனக்கு அப்போதுதான் வழிகாட்டியின் கேள்வி விளங்கியது. இரக்கத்துக்கு எதிரே ஓர் உயிர் நிற்கவேண்டும். செய்த பாவத்துக்கு அது தேவையில்லை. பெரிய பாவங்களில் பலதில் எதிரே நிற்க யாரும் மிஞ்சுவதில்லை.

திரும்பும் வழியில் வழிகாட்டி ஐனு மக்களின் இன்னொரு வழக்கத்தைச் சொன்னார். கரடிக்குட்டியை ஊருக்குள் கொண்டுவந்து கூண்டில் வைத்து, ஓரிரு வருடம் பிள்ளையைப் போல ஊட்டி வளர்ப்பார்கள். பிறகு சடங்கோடு கொன்று, அதன் ஆன்மாவைத் தெய்வங்களின் உலகத்துக்கு வழியனுப்புவார்கள். இயோமாந்தே என்று பெயர். வளர்த்த பெண் அந்த நாளில் அழுததாகப் பழைய பதிவுகள் உண்டு. 1955இல் ஹொக்கைடோ நிர்வாகம் இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று தடுத்தது. அந்தச் சுற்றறிக்கை 2007இல்தான் திரும்பப் பெறப்பட்டது.

அந்தச் சடங்கை நான் நியாயப்படுத்த வரவில்லை. என்னால் அதை நின்று பார்க்க முடியாது. ஆனால் அழுதவளும் கொன்ற கூட்டமும் ஒரே ஊரில், ஒரே நாளில் இருந்தார்கள். கரடியின் பொருட்டு வந்த இரக்கமும் கரடிக்குச் செய்ததன் கனமும் ஒரே மனதில் இறங்கின. தமிழ்ச் சொல்லில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பது போலவே. நாம்தான் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறோம். இரக்கத்தைக் கண்ணாடிக்கு முன்னால் செலவழித்துவிடுகிறோம். மற்றதற்கு விலாசம் இல்லை. விஷம் வைத்தது எந்த அரசோ, பனியை உருக்குவது எந்தப் புகையோ. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போகவர 280 கிலோமீட்டர் ஓடிய எங்கள் வண்டியின் புகையும் அதில் சேர்த்திதான்.

கூண்டு என்றாலே தவறு என்ற என் முடிவை நான் கைவிடவில்லை. ஆனால் அது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று தெரிந்துவிட்டது. பூங்காவுக்குப் போகாமல் இருந்தாலே என் கை சுத்தம் என்று நம்பியிருந்தேன்.

வெளியே இருட்டிவிட்டது. வண்டிக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்த அம்மா கேட்டாள்.

"அந்தக் கரடிக்கு நெஜமாவே குளிராதாடா?"

"குளிராதும்மா."

"அப்ப அதுக்கு என்னதான் கஷ்டம்?"

வடதுருவத்தில் கடல்பனி குறைந்துவருவதைச் சொன்னேன். பனிக்கட்டியின் மேல் நின்றுதான் அது கடல்நாயைப் பிடிக்க வேண்டும், பனி சீக்கிரம் உருகிவிட்டால் பட்டினி, அதற்குச் சூடுதான் எமன் என்றேன். அம்மா குல்லாவை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்துக் கேட்டாள்.

"அத நாம இங்க வந்து பாத்துட்டுப் போனா சரியாப் போயிடுமா?"

வழிகாட்டி கண்ணாடியில் என்னைப் பார்த்தார், என்ன கேட்டார் என்பதுபோல. இதில் இரட்டைப் பொருள் எதுவும் இல்லை. ஆனாலும் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.